வானலையில் ஒரு மைக்ரோவாட்

(தென்னேரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தக் கூடத்துக்குள் இப்போது என் குரல் மட்டும் இல்லை. ஆவடியிலிருந்து கிளம்பும் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை இங்கே இருக்கிறது. பண்பலை நிலையங்களின் பாட்டுகள் இருக்கின்றன. செல்போன் கோபுரங்கள் 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டு வைஃபையும் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. அலை என்றாலே ஆற்றல்தான். நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் அது வந்துகொண்டே இருக்கிறது. சுவரிலும் மரத்திலும் நம் உடம்பிலும் பட்டு, அளக்க முடியாத அளவுக்குச் சிறிய வெப்பமாகிக் கரைகிறது.

வீணாகப் போகும் அதைப் பிடித்து ஒரு கருவியை ஓட்ட முடியுமா? முடியும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா? முடியாது. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வானலையிலிருந்து கிடைக்கும் மின்சாரம் நூறு வருடமாகப் பெரிதாகக் கூடவில்லை, கூடவும் போவதில்லை. மாறியது கருவிகளின் பசி. அது குறைந்ததால்தான் இந்தத் துறைக்கே உயிர் வந்தது.

பாட்டரி இல்லாமல் பேசிய பெட்டி

1895-இல் கல்கத்தா டவுன்ஹாலில் ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனை நடத்திக் காட்டினார். ஓர் அறையில் புறப்பட்ட மின்காந்த அலை சுவர்களை ஊடுருவிப் போய், வேறோர் அறையில் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. வந்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணியை அடிக்கும் வலு அலையிடம் இல்லை. அந்த வலு மணி இருந்த அறையில் தயாராக இருந்த பாட்டரியிடம் இருந்தது. அலை போய் அதன் விசையைத் தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதே போஸ், கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு 1901-இல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டார், 1904-இல் கிடைத்தது. அந்தப் படிகத்துக்கு ஒரு குணம் உண்டு. மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாக விடும், மறு திசையில் தடுக்கும். வானொலி அலை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு பாதியை மட்டும் கடக்கவிட்டால் ஒரே திசையில் ஓடும் மின்சாரம் கிடைத்துவிடும். இன்று வரை இந்தத் துறையின் அடிப்படை இதுதான். படிகம் போய் டையோடு வந்தது, வேலை மாறவில்லை.

இதை வைத்துச் செய்ததுதான் படிக வானொலி. நீளமான ஒரு கம்பி, கம்பிச் சுருள், படிகம், காதில் வைக்கும் ஹெட்ஃபோன், மண்ணில் இறக்கிய எர்த் கம்பி, இவ்வளவே. பாட்டரியும் கிடையாது, கரண்டும் கிடையாது. காதில் விழும் பாட்டை ஒலிக்கச் செய்த ஆற்றல் முழுவதும் ஒலிபரப்பியிலிருந்து காற்றுவழி வந்தது. 1924-இல் ஸி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியின் முன்முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அந்த ஜூலை 31-இல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமுடையால் 1927-இல் அது நின்றது. பிறகு சென்னை மாநகராட்சி அந்தப் பொறுப்பை ஏற்று 1930-இல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 முதல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம். உலகெங்கும் வானொலியின் அந்த முதல் தலைமுறை, படிகப் பெட்டியில்தான் ஏராளமான வீடுகளுக்குள் நுழைந்தது. வானலையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வித்தை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பின்னாளில் வால்வு வானொலி வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது. சத்தம் கூடியது, பாட்டரியும் கூடவே வந்தது. படிகப் பெட்டி பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் மட்டும் மிஞ்சியது. இன்றும் பிவிசி குழாயில் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு ஜெர்மேனியம் டையோடையும் நல்ல இயர்ஃபோனையும் சேர்த்து, கிணற்றங்கரை மரத்துக்குக் கம்பி கட்டினால் மத்திய அலை வானொலி மெல்லிய குரலில் பேசும். இங்கே இருக்கும் மாணவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

இனி அளவுக்கு வருவோம். 2013-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், அந்நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களுக்கும் வெளியே நின்று, காற்றில் எவ்வளவு வானலை ஆற்றல் இருக்கிறது என்று அளந்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 36 நானோவாட். 1800 மெகாஹெர்ட்ஸில் 84 நானோவாட். டிஜிட்டல் தொலைக்காட்சி அலையில் ஒரு நானோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நானோவாட் என்பது ஒரு வாட்டை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு.

ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில், 900 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 3.6 மைக்ரோவாட் வரும். ஆன்டெனாவிலும் டையோடிலும் போகிறது போக, மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. ஆகக் கையில் நிற்பது சுமார் ஒரு மைக்ரோவாட். வெயிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்: நம் ஊர் உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் அளவில் கொட்டுகிறது. லண்டனின் அந்த 36 நானோவாட்டைப்போல இருபத்தேழு லட்சம் மடங்குக்கும் மேல்.

இப்போது செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். 5000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரியில் நிறையும் ஆற்றல் ஏறத்தாழ 69,000 ஜூல். நொடிக்கு ஒரு மைக்ரோஜூல் வீதம் சேர்த்தால் அது நிறைய 2,100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தத் தென்னேரி ஊரின் ஏரியோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் தொண்டைமான் இளந்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன், தன் காலத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட இன்னும் நூறு சதவீதம் காட்டியிருக்காது.

ஆகவே, காற்றிலிருந்தே உங்கள் போன் சார்ஜ் ஆகும் என்று யாராவது பெட்டி விற்க வந்தால் சந்தேகப்படுங்கள். 2010-இல் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் வைஃபை அலையிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றும் ஏர்னர்ஜி என்ற கருவியைக் காட்டி உலகமெல்லாம் செய்தியாக்கினார்கள். கடைக்கு வந்து யார் கைக்கும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் அன்றைக்கே தலையை ஆட்டினார்கள்.

கோபுரத்தின் சக்தியை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். சட்டம் விடாது. செல்போன் கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் உச்ச வரம்பு. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5ஜி கோபுரங்கள் பேசுகிறவர் இருக்கும் திசைக்கே அலையைக் குவித்து அனுப்பப் பழகிவிட்டன. கண்ட பக்கமெல்லாம் இறைக்கும் வழக்கம் குறைகிறது. சிந்துவது குறைந்தால் பொறுக்குகிறவனுக்குக் கிடைப்பதும் குறையும்.

சேர்த்துவைத்துச் செலவழித்தல்

ஒரு மைக்ரோவாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த ஊரில் நின்றுகொண்டு அதை விளக்குவது எளிது. ஏரிக்கு வரும் கால்வாயில் கணுக்கால் நனையும் அளவு நீர்தான் ஓடினாலும், கரை கட்டித் தேக்கி, மட்டம் ஏறியபின் மதகைத் திறந்தால் வயல் முழுக்கப் பாயும். வரும்போதே பாய்ச்சப் பார்த்தால் முதல் வரப்பைக்கூடத் தாண்டாது. மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர், செய்வது அந்த வேலைதான். மெல்லிய மின்சாரம் அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. மின்னழுத்தம் குறித்த மட்டத்தைத் தொட்டதும் ஒரு சுற்று விழித்துக் கதவைத் திறக்கிறது. சிப் எழுந்து, வெப்பத்தை அளந்து, எண்ணை அனுப்பிவிட்டு மறுபடி உறங்குகிறது.

ஒரு சிறிய கருவி 10 மில்லிவாட் வாங்கிக்கொண்டு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் வேலை செய்கிறது என்போம். செலவு 100 மைக்ரோஜூல். கையில் வருவது ஒரு மைக்ரோவாட். ஆக, கசிவைக் கழிக்காமல் பார்த்தால், நூறு நொடிக்கு ஒருமுறை அது விழிக்கலாம். குளிர்பதன அறையின் வெப்பத்தையோ ஏரி நீர்மட்டத்தையோ நொடிக்கு நொடி அறிய வேண்டியதில்லை. மணிக்கொரு தடவை போதும். அங்கே இந்த ஒரு மைக்ரோவாட்டே தாராளம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. டையோடு தன் வழியாக மின்சாரத்தைக் கடக்கவிட ஓரளவு அழுத்தம் கேட்கும். வரும் அலை அதைவிட மெலிந்துபோனால் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். இதனால்தான் அலையின் வலு பாதியாகும்போது கிடைக்கும் மின்சாரம் பாதியைவிடவும் கீழே போகிறது. ஆய்வகங்களில் இரவுபகலாக நடக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த வாசலைத் தாழ்த்துவதற்குத்தான்.

சுங்கச்சாவடியில் ஒரு பாடம்

இந்த வித்தை உங்களில் பலரின் வண்டிக் கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ஃபாஸ்டேக்கைச் சொல்கிறேன். பழைய ஃபாஸ்டேக் ஒன்று கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காகிதத்துக்குள் வளைந்து நெளிந்து போகும் மெல்லிய அலுமினியக் கோலம் ஒன்று தெரியும், அதுதான் ஆன்டெனா. அதன் நடுவில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி சிப். அவ்வளவுதான் உள்ளே இருப்பது. பாட்டரி கிடையாது, கம்பி கிடையாது.

சென்னை–பெங்களூரு சாலையில் சுங்கச்சாவடியை நெருங்கும்போது மேலே இருக்கும் கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை வீசுகிறது. 2005 முதல் உரிமம் இல்லாமலே பயன்படுத்த விட்ட அலைவரிசை அது. உச்ச சக்தி 4 வாட். அலையில் ஒரு துளியைக் குடித்து சிப் விழிக்கிறது, தன் எண்ணைச் சொல்கிறது, அணைந்துவிடுகிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயம். மெட்ரோ அட்டையும், தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டையும் இதே குடும்பம், அவை 13.56 மெகாஹெர்ட்ஸில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் காந்தப்புலத்தால் இயங்குபவை.

ஆனால் ஃபாஸ்டேக்குக்கு அலையை அனுப்புவதற்கென்றே ஒருவர் எதிரே நிற்கிறார். ஐந்து மீட்டர் தூரத்தில் அதன் உள்ளங்கைப் பரப்பில் நூறு மைக்ரோவாட்டுக்கு மேல் விழும். யாருக்காகவோ போகும் அலையை நம்பியிருக்கும் கருவிக்கு அதில் முப்பதில் ஒரு பங்குதான் வாய்க்கும். எதிரே நின்று ஊட்டும் ஆள் இல்லாமல், ஊர்ச் சந்தடியிலிருந்தே பிழைக்க முடியுமா என்பதுதான் அடுத்து எழுந்த கேள்வி.

தானாகப் பேசாமல் பேசுவது

வானலையைத் தானே உண்டாக்கி அனுப்புவதுதான் சிறு கருவிக்கு மிகப்பெரிய செலவு. அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடித் துண்டை வெயிலில் ஆட்டிச் சிறுவர்கள் எதிர்ச்சுவரில் ஒளி பாய்ச்சுவார்களே, அவர்களிடம் விளக்கு இருக்கிறதா என்ன? அதேபோல் ஆன்டெனாவை ஒரு கணம் அலையை விழுங்கும் நிலையிலும் மறுகணம் திருப்பி அனுப்பும் நிலையிலும் மாற்றி மாற்றி வைத்தால், திரும்பிப்போகும் அலையில் செய்தி பதிந்துவிடும்.

உளவுத்துறை இதை முன்பே கண்டுகொண்டது. 1945-இல் மாஸ்கோவில் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய மரப் பலகை ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். அதற்குள் லெவ் தெரெமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பாட்டரி இல்லை. வெளியே இருந்து அலையைச் செலுத்தும்போது மட்டும் அது உயிர்பெற்றது. அறையில் பேசியவர்களின் குரலால் அதன் மெல்லிய தகடு அதிர்ந்து, திரும்பும் அலையில் பேச்சு பதிந்தது. தூதரின் இல்லத்துச் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கி, 1952-இல்தான் அகப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2006-இல் பி.டெக். முடித்துவிட்டுப் போன ஷ்யாம்நாத் கொல்லகோட்டா இந்தக் கதையின் அடுத்த கட்டத்தில் வருகிறார். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவரும் ஜோஷுவா ஸ்மித்தும் மாணவர்களும் 2013-இல் ஒரு வழியைக் காட்டினார்கள்: ஊருக்குப் பொதுவாகப் பரவும் தொலைக்காட்சி அலையை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டரியில்லாத இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆற்றலும் அந்த அலையிலிருந்தே, பேச்சும் அந்த அலையின் மேலேயே. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே ஸ்மித்தும் அலன்சன் சாம்பிளும் 4 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து 60 மைக்ரோவாட் எடுத்து, திரையோடு கூடிய ஒரு வெப்பமானியை ஓட்டியிருந்தார்கள்.

2017-இல் அதே பல்கலைக்கழகத்தார் பாட்டரியில்லாத ஒரு தொலைபேசியைச் செய்து பேசிக் காட்டினார்கள். அது வாங்கிய மின்சாரம் 3.5 மைக்ரோவாட். எப்படி? குரலை எண்களாக மாற்றும் வேலையையே விட்டுவிட்டார்கள். சாதாரணப் போனில் ஆற்றலை அதிகம் தின்பவற்றுள் அதுவும் ஒன்று. பேசும்போது ஒலிவாங்கியில் உண்டாகும் அதிர்வையே நேராக ஆன்டெனாவின் பிரதிபலிப்பில் ஏற்றினார்கள். மிச்ச வேலை முழுவதையும் 31 அடி தூரத்திலிருந்த அடிநிலையம் செய்தது. கூர்ந்து பார்த்தால் தெரெமின் செய்ததேதான். எதைச் செய்யாமல் விடலாம் என்று யோசித்ததில் இருக்கிறது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். பேசும் போனுக்கே மூன்றரை மைக்ரோவாட் போதும் என்றால், நாம் வழக்கமாகச் செலவழிப்பதில் எவ்வளவு பழக்கதோஷம் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் செய்ததை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தொலைக்காட்சிக் கோபுரங்கள் இன்னும் ஓங்கிப் பேசுகின்றன. இங்கே தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. நம் வீட்டுப் படம் கேபிளிலும் டிஷ்ஷிலும் வருகிறது. நமக்கு மிச்சம் செல்போன் கோபுரங்களும் வைஃபையும்தான்.

ஜரிகையும் ஆன்டெனாவும்

நெசவு வட்டாரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால் முறையாகாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. அதாவது மின்சாரம் கடத்தும் நூல். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே போகாது, மேற்பரப்பை ஒட்டியே ஓடும். ஒரு கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வெள்ளியில் அந்த ஆழம் சுமார் 2 மைக்ரான்தான். ஆகவே கெட்டிக் கம்பி தேவையில்லை. மெல்லிய வெள்ளிப் போர்வையே ஆன்டெனாவுக்குப் போதும்.

ஃபாஸ்டேக் அலைவரிசைக்கு அரை அலைநீளம் 17 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நீளத்தில் ஒரு கோடு, நடுவில் சிறு இடைவெளி, அந்த இடைவெளியில் சிப். இதைப் பேட்டில், அதாவது புடவைக் கரையில், ஜாக்கார்டு வைத்துப் புட்டா போடுகிறவர் ஒரு மணி நேரத்தில் விளங்கிக்கொள்வார். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் உலோக நூலால் துணியில் ஆன்டெனாவைத் தைத்து, 0.1 மில்லிமீட்டர் துல்லியம் எட்டினோம் என்று அறிவித்தார்கள். அங்கே அது ஆராய்ச்சிச் செய்தி. கரையைப் புடவை உடலோடு சேர்க்கும் கோர்வையில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கைகள் இங்கே உண்டு.

பட்டுப்புடவைக்கு மின்சாரம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். புடவையை விளக்குப் போட்டு மினுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நெசவோடு சேர்ந்த ஆன்டெனா வேலைக்கு ஆகும் இடங்கள் வேறு: நோயாளியின் உடல் சூட்டைக் கவனிக்கும் துணி, முதியோர் படுக்கை விரிப்பின் ஈரம் சொல்லும் இழை. உடம்பில் ஒட்டினால் ஆன்டெனாவின் சுருதி குலையும், நனைந்தால் வலு குறையும், மடித்தால் இழை முறியும். தீர்க்க வேண்டிய சிக்கல்கள் இவை. நூலைப் பற்றித் தெரிந்தவர் இல்லாமல் மின்னணுப் பொறியாளர் மட்டும் உட்கார்ந்து இவற்றைத் தீர்க்க முடியாது.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியவை

வெயில் படும் இடத்தில் சூரியத் தகடுதான் சிறந்தது; அங்கே வானலையைத் தேடிப் போவது வீண் வேலை. இருட்டான இடம், மூடிய இடம், ஏறிப்போய்ப் பாட்டரி மாற்ற முடியாத இடம், இங்கேதான் இதற்கு வேலை. ஜரிகைப் புடவை அடுக்கிய பீரோவும் அப்படிப்பட்ட இடம்தான். ஈரக்காற்று பட்டால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பீரோவுக்குள் ஈரப்பதம் அளக்கும் பாட்டரியில்லாத சீட்டு ஒன்றை வைத்துவிட்டு, போனை அதன் அருகே கொண்டுபோனால் போதும். போனே மின்சாரமும் கொடுத்து அளவையும் வாங்கிக்கொள்ளும். இதற்கான சிப்புகள் சந்தையிலேயே கிடைக்கின்றன. குழித்தறியின் குழியில் மழைக்காலத்து ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவும் இதே சீட்டு உதவும். ஊட்டும் ஆளே இல்லாமல் காற்றலையில் பிழைக்கும் கருவிகள் அதற்கு அடுத்த படி. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, ஒரு மைக்ரோவாட் அளவில் ஓடும் கருவிகளையும் செல்போன் வலையோடு சேர்ப்பதற்கான வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்றைய கல்லூரி மாணவர்கள் வேலைக்குப் போகும் காலத்தில் அது நடைமுறைக்கு வந்துவிடக்கூடும்.

இத்தகைய கருவியை வாங்கவோ செய்யவோ முன்வருகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மைக்ரோவாட் வேண்டும்? எந்த ஒலிபரப்பியிலிருந்து, எவ்வளவு தூரத்தில்? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வேலை செய்யும்? இந்த மூன்றுக்கும் எண்ணில் பதில் சொல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டன்காரர்கள் தங்கள் ஊரின் காற்றை அளந்துவிட்டார்கள். நாம் அளக்க வேண்டியது வாலாஜாபாத் பேருந்து நிலையம், ஏரிக்கரை, தறி வீடு, கோயில் பிராகாரம், பள்ளிக்கூடக் கூரை. கணினியில் செருகும் சிறிய வானொலி ஏற்பி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு நல்ல கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டால் போதும். காலை, நண்பகல், இரவு என்று பொழுதுக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை நானோவாட் என்பது தெரிந்தால்தான் எந்தக் கருவியை எங்கே வைக்கலாம் என்று பேசவே தொடங்க முடியும். நான் இன்று லண்டன் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருகிறவர் தென்னேரியின் எண்ணை வைத்துப் போடட்டும்.